யன்னலுக்குக் கீழே நிற்பவர்கள்

என் இறுதியாண்டு ஆய்வேடு தொலைக்காட்சித் தொடர்களில் வரும் இரத்தக்காட்டேரிகளைப் பற்றியது. ஆண் காட்டேரியின் கதை எப்படி வளர்கிறது, பெண் காட்டேரியின் கதை எங்கே முறிகிறது என்பதே என் கேள்வி. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டில் இதை முழுமையாகச் சொல்லியிருக்கவில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகும் அம்மாவுக்கு ‘ஆங்கிலத் தொடர்கள்’ என்ற விளக்கமே போதுமாக இருந்தது.

நான் பார்த்தவற்றில் ஆணுக்குக் காலம் தாராளமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஓர் ஊரையே கொன்றவன் தொடரின் அடுத்த பருவத்தில் வருந்துவான். அதற்கடுத்த பருவத்தில் காதலிக்கப்படுவான். பெண்ணின் பசிக்கு வருத்தம் போதாது. அவள் தாயாக வேண்டும், அல்லது எவனையாவது காப்பாற்றிச் சாம்பலாக வேண்டும்.

அந்த மார்கழியில், மாலைப் பேருந்திலிருந்து நான் இறங்கும் சந்தியில் ஒருவன் மோட்டார் சைக்கிளுடன் நிற்கத் தொடங்கினான். பேசமாட்டான். இயந்திரத்தை அணைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையின் முகப்பு வரை உருட்டிக்கொண்டே பின்னால் வருவான். மூன்றாவது வாரம், கூடப் படிப்பவளிடம் சொன்னேன். அவளுக்கு என் ஆய்வேடு தெரியும்.

“உனக்கும் ஒருத்தன் வந்திட்டான். எத்தினை நூறு வயசெண்டு கேட்டனியே?”

நானும் சிரித்தேன். மறுநாள் நூலகத்தில் வரைவைத் திருத்தும்போதுதான் கண்டேன்: கதாநாயகியின் யன்னலுக்குக் கீழே ஆண் காட்டேரி விடியும்வரை நின்றதை முதலாம் இயலில் ‘காத்திருப்பு’ என்று எழுதியிருந்தேன். மூன்றாம் இயலில் ஒரு பெண் அதேபோல் நின்றது ‘வேட்டை’ ஆகியிருந்தது. இரண்டும் என் சொற்கள். எந்த இயக்குநரும் எழுதித் தரவில்லை. இரண்டு சொற்களின் கீழும் கோடிட்டேன்.

வீட்டில் சொல்லப் பயந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒருத்தியை இப்படி ஒருவன் பின்தொடர்ந்தபோது நிறுத்தப்பட்டது அவளுடைய உயர்தர வகுப்புத்தான். அவளைப் பின்தொடர்ந்தவன் இப்போது விளையாட்டுக் கழகத்தின் தலைவன். அக்காலத்துக் குழப்படி என்று சிரித்துக்கொள்கிறார்கள். அவளைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அவன் முகப்பில் நிற்காமல் எங்கள் வீட்டு வாசல் படலை வரை வந்தான். முதன்முறையாகப் பேசினான். குரல் மிக மரியாதையாக இருந்தது.

“வீட்டிலை சொல்லுறதெண்டால் சொல்லும். ஆரை மறிப்பினம் எண்டு உமக்கே தெரியும்.”

அவன் போன பின்பும் படலைக் கொக்கியைத் திறக்கக் கை வரவில்லை.

அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முன்னறையில் இருந்த அண்ணையின் காதில் விழுந்தால் வெட்டுக்குத்தாகிவிடும் என்று முதலில் கதவைச் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்:

“நீ அவனைப் பாத்துச் சிரிச்சனியோ?”

இல்லை என்றேன். உண்மையைச் சொல்லும்போதே என் குரல் குற்றவாளியின் குரல்போல ஒலித்தது. கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே எழுதலாமே என்றார் அம்மா. கொஞ்ச நாள் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒழுங்கைப் பெண்ணுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

“நான் போவன், அம்மா. பயம்தான். ஆனால் போவன்.”

அம்மா மீண்டும் தேங்காயைத் திருவத் தொடங்கினார்.

திங்கள் மாலை நான் இறங்கியபோது, வெளியே உடுக்கும் சேலையில் அம்மா சந்தியில் நின்றார். அவன் பத்தடி தள்ளி நின்றான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். பாதி வழியில் நின்று, திரும்பி, பின்னால் வந்தவனின் முகத்தை நேராகப் பார்த்தார். அவனும் நின்றான், ஆனால் திரும்பிப் போகவில்லை. அவன் பார்வை பட்டபடியே நாங்கள் வீடு சேர்ந்தோம்.

செவ்வாய் காலை அம்மா சாப்பாட்டுப் பெட்டியை என்னிடம் தந்தார். நான் பேருந்தில் ஏறினேன்.