ஆயுத பூசைக்கு மறுநாள் திறக்காத மெயில்

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அதன் மெயிலுக்காகக் கொழும்பில் ஒரு சர்வர் வைத்து நடத்துவதும் நான்தான். ஆயுத பூசையன்று மாலை, சும்மாதானே இருக்கிறோம் என்று எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மறுநாள் காலை, புதியதைப் போட்டும் ஆபிஸில் ஒருவருக்கும் மெயில் திறக்கவில்லை. பகல் பன்னிரண்டுக்குள் ஏலத்துக்கான தேயிலை விவரத்தை அனுப்பியாக வேண்டும்.

போனோடு, சிக்னல் கிடைக்கும் ரோட்டுக்குப் போனால் என் டேட்டாவில் திறந்தது. ஆபிஸ் வைஃபைக்கு வந்தால் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் சரி, சர்வரும் ஓடுகிறது. கடைசியில் மூலையிலிருந்த சாமி படத்தின் முன் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

"அனே சேர், சாமிகிட்டயே போயிட்டீங்களா?" என்று கிளார்க் செல்வி சிரித்தார். "அப்படியே அந்த ஆபிஸ் போன எடுத்துக்கலாமான்னு கேளுங்க. பூசாரி வர்ற வரைக்கும் தொடக்கூடாதுன்னு விட்டு வச்சிருக்கோம்."

கண்ணைத் திறந்தேன். பூவுக்கடியில், குங்குமப் பொட்டோடு, சார்ஜரில் கிடந்தது ஆபிஸ் போன். அதைப் பூசைக்கு வைத்தவனே நான்தான். ராத்திரி முழுவதும் பழைய பாஸ்வேர்டோடு அது சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரோ திருடன் என்று சர்வர் எங்கள் வைஃபை முழுவதையும் தடுத்துவிட்டது.

போனை அணைத்து, ரோட்டுக்குப் போய் என் டேட்டாவில் சர்வரின் தடையை நீக்கினேன். மெயில் திறந்தது.

இன்றும் சர்வர் மக்கர் செய்தால் அந்த மூலையில் போய்க் கும்பிடுகிறேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை.