தாடிக்குள் ஒரு ரோடு

போன வருடம் தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவன் நான். அதன் பிறகு எந்த ஊரிலும் நிலைத்து நின்றதில்லை. பண்டார் தெங்காரா தோட்டத்தில் எண்ணெய்க்குப் பிழியும் செம்பனைக் குலை ஏற்றியிருக்கிறேன், சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்திருக்கிறேன், மூவாரில் நாற்காலிக் கால்களுக்கு மணல்தாள் தேய்த்திருக்கிறேன். ஒரு வேலை கசந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஏன் கசந்தது என்று உட்கார்ந்து யோசித்தது கிடையாது. லோரி ஓட்ட வந்த பிறகுதான் ஒரே வேலையில் சில வருடங்கள் தங்கினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் மாறிக்கொண்டிருப்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்திப்போனது. மூவாரில் மேசை நாற்காலிகளை ஏற்றி, பாசிர் கூடாங் துறைமுகத்தில் இறக்க வேண்டும். லோரியில் சாமான் ஏற்றி இறக்கக் கூட வரும் ஆளை இங்கே கெலிண்டான் என்போம். என்னுடைய கெலிண்டான் என் வயதுக்காரன். வாய் ஓயாதவன்.

அதற்கு முந்தின வருடம் ஒரு நாள், பட்டப்பகலில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். லோரி சாலையோரத் தடுப்புக் கம்பியை நெடுகத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சாவி என்று சொல்லிவிட்டார். அங்கே உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம். மனைவி பல வருடமாகக் குறட்டை என்று சொன்னது அதைத்தான்.

காற்றைத் தள்ளும் ஓர் இயந்திரம் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி. அதை மாட்டிக்கொண்டு படுத்தால் உள்ளே போகும் காற்று தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நம் தமிழ்ப் பெண். மூச்சு மணிக்குச் சராசரியாக எத்தனை முறை நின்றது என்ற எண் காலையில் கைபேசிச் செயலியில் வரும் என்றும், ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்றும் சொன்னார். இன்னும் என்னென்னவோ பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். எனக்கு அந்த எண் ஒன்று போதும் என்று தோன்றியது.

இயந்திரம் வந்த சில நாட்களிலேயே நான் புது ஆள். வாழ்க்கையில் நன்றாகத் தூங்குவது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் கடிதம் கொடுத்தார், தவுக்கே சாவி கொடுத்தார். தினமும் காலையில் எண்ணைப் பார்ப்பேன். இரண்டு, மூன்று என்றுதான் இருக்கும். கெலிண்டான் லோரியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"மச்சான், இன்னிக்கு என்ன நம்பர் வந்துச்சு? சொல்லு, போய் நாலு நம்பர் லாட்டரி வாங்கிடறேன்."

"ரெண்டு புள்ளி நாலு."

"அலமாக், புள்ளி வச்ச நம்பரு கடையில விக்க மாட்டானே!"

என் உயிருக்காக முருகனுக்கு வேண்டிக்கொண்டவள் என் மனைவி. அவள் வேண்டுதல், காவடி மட்டும் என் தோளில். தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் முன்பே மாலை போட்டேன். விரதம் என்றால் எங்கள் பக்கம் கண்டிப்பு. சைவச் சாப்பாடு, முடி தாடி எடுக்கக் கூடாது, தலையணை இல்லாமல் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். இயந்திரத்தையும் கட்டில் பக்கத்திலிருந்து இறக்கிப் பாய்க்கருகே வைத்துக்கொண்டேன்.

விரதம் பாதி தாண்டியபோது பழைய தூக்கம் திரும்பி வந்தது. காலையில் தலை கனத்தது, கண் எரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் இமை தானாக இறங்கியது. எண்ணைப் பார்த்தேன், மூன்று. அடுத்த நாள் இரண்டு. இயந்திரம் நல்லாத்தானே வேலை செய்கிறது, விரதச் சாப்பாட்டில் உடம்பு தளர்ந்திருக்கும் என்று நினைத்துக் கறுப்புக் காப்பியைக் கூட்டினேன்.

ஒரு நாள் வழியில் யோங் பெங் ஊரில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். ஓர் அம்மா, பின்னால் பாலர் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் கெலிண்டான் என் மடியின் குறுக்கே விழுந்து கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவதுதான் காதில் விழுந்தது. பிரேக்கிலிருந்து என் கால் நழுவி லோரி தானாக முன்னால் நகர்ந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய இடமில்லை. விளக்கு பச்சையானது. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். குழந்தை மட்டும் எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது.

பாசிர் கூடாங் போகும் வரை கெலிண்டான் ஒரு கையைக் கைப்பிரேக்கிலேயே வைத்திருந்தான். சாமானை இறக்கி முடித்த பிறகுதான் பேசினான்.

"தவுக்கேகிட்ட நான் சொல்ல மாட்டேன் மச்சான். ஆனா நீ இதுக்கு ஒரு வழி பார்க்கற வரைக்கும் உன்கூட லோரியில ஏற மாட்டேன். இப்ப சாவியக் கொடு, நான் ஓட்டுறேன்."

அவனிடமும் லோரி உரிமம் உண்டு. சாவியைக் கொடுத்தேன். மறுநாள் தவுக்கேயிடம் உடம்பு சரியில்லை என்று விடுப்புக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எப்போதும் செய்வதையே செய்தேன். பையை எடுத்தேன். இயந்திரத்தை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டு பண்டார் தெங்காராவுக்குப் போய்ப் பழையபடி குலை ஏற்றலாம், அங்கே தூங்கி விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மின்னணுத் தொழிற்சாலை வேலை முடிந்து அப்போதுதான் வந்து கால் நீட்டியிருந்தாள்.

"போங்க. எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி தூங்கித்தானே ஆகணும்? அங்கயும் இதே தொண்டைதானே வரும்?"

சட்டையை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். வேறு வேலையும் இல்லை. மிஸ்ஸி தள்ளித் தள்ளிக் காட்டிய பக்கங்களை முதன்முறையாக நானே திறந்து பார்த்தேன். என் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் 'லீக்' என்ற சொல் தெரியாத லோரிக்காரன் உண்டா? முகமூடியின் ஓரத்தில் எவ்வளவு காற்று கசிந்தது என்று காட்டும் பக்கம் அது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. அன்றைய கோடு உச்சியில் நின்றது, பக்கத்தில் வாய் கோணிய ஒரு முகம். முந்தைய நாளும் கோணல் வாய். பின்னால் தள்ளிக்கொண்டே போனேன்.

முகமூடி கிழிந்திருந்தாலோ குழாய் உடைந்திருந்தாலோ கோடு ஒரே நாளில் எகிறியிருக்க வேண்டும். இது அப்படி இல்லை. விரதத்துக்கு முன்பு தரையோடு தரையாகக் கிடந்த கோடு, மாலை போட்ட பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்திருந்தது. டயரில் ஊசித்துளை இருந்தால் இப்படித்தான், ஒரே நாளில் இறங்காது. மாலை போட்டதிலிருந்து இந்த வீட்டில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போவது எது என்று யோசித்தபடியே முகத்தைச் சொறிந்தேன். கை நிறையத் தாடி.

முகமூடியின் ரப்பர் ஓரம் தோலில் படிய வேண்டும். என் முகத்தில் அது காட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. காற்றெல்லாம் தாடி வழியே ஓடி மேலே கண்ணுக்குள் அடித்திருக்கிறது. காலையில் கண் எரிந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

அப்படியானால் எண் ஏன் நல்லதாகவே வந்தது? அதுதான் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மிஸ்ஸி சிரித்துவிட்டார்.

"அண்ணே, அவ்வளவு காத்து வெளிய போனா உங்க மூச்சு நின்னதே மிஷினுக்குச் சரியாத் தெரியாது. தெரியாததை அது எப்படி எண்ணும்? மொதல்ல லீக்கப் பாருங்க, அப்புறம் நம்பரப் பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேனே!"

சொல்லியிருப்பார். நான்தான் எனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

"தாடிய எடுத்துடுங்க," என்றார். விரதம் என்றேன். மிஸ்ஸி வற்புறுத்தவில்லை. "அது உங்க வீட்டு விஷயம். ஆனா லீக் இறங்கற வரைக்கும் லோரி ஓட்டாதீங்க, அதை மட்டும் கண்டிப்பாச் சொல்லிடறேன்."

தாடி என் முகத்தில் இருந்தாலும் வேண்டுதல் மனைவியுடையது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அந்த முகமூடியக் கொண்டாங்க, மாட்டுங்க," என்றாள்.

மாட்டினேன். என் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புருவத்துக்குப் போடும் மைப் பென்சிலை எடுத்து வந்து, ரப்பர் ஓரம் படும் இடம் நெடுக, மூக்குப் பக்கத்திலிருந்து கன்னம் வழியே இறங்கி, உதட்டுக்குக் கீழே வளைந்து, மறு கன்னத்தில் ஏறும்படி கோடு போட்டாள்.

"இந்தக் கோடு மட்டும் போனாப் போதும்ல? மீச உள்ள தப்பிச்சுக்குது, மிச்சத் தாடி வெளிய தப்பிச்சுக்குது."

"சாமி குத்தம் ஆயிடாதா?"

"நான் முருகன்கிட்ட கேட்டது உங்க உசிர. தாடியையா கேட்டேன்? சவரம் பண்றப்ப அசையாம உக்காருங்க, காத அறுத்துடப் போறேன்."

முதலில் சூடம் கொளுத்தி முருகன் படத்துக்கு முன்னால் ஏதோ முணுமுணுத்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. பின்கட்டுக் குழாயடியில் ஸ்டூல் போட்டு, அவளே சவரக் கத்தியை எடுத்தாள். முடித்ததும் கண்ணாடியைக் காட்டினாள். நடுவே மீசை, சுற்றிலும் வழவழவென்று ஒரு வளையம், அதற்கு அப்பால் தாடிக்காடு. செம்பனைத் தோட்டத்துக்குள் மண் ரோடு போட்டது போலவே இருந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். விரதத்தில் இருப்பவன் அப்படிச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கசிவுக் கோடு தரைக்கு வந்துவிட்டது. ஆனால் எண் ஒன்பது! முன்பு என்றால் பயந்திருப்பேன். இப்போது அது பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததால் பயம் வரவில்லை. திரும்பவும் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். எப்படிப் படுக்கிறேன் என்று கேட்டார். தலையணை இல்லாமல் தரையில் மல்லாந்து என்றேன். மல்லாந்தால் சிலருக்குத் தொண்டை அதிகமாக அடைக்கும், ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள் என்றார். விரதத்தில் ஒருக்களித்துப் படுக்கத் தடை இல்லை. இடுப்பில் கட்டும் சாரங்கள் இரண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தேன். எண் ஒன்பதிலிருந்து ஆறு, ஆறிலிருந்து நான்கு, அப்புறம் மூன்று. இந்த மூன்றை என் தலையே நம்பியது. காலையில் எழுந்தால் கனமில்லை, வாசலில் குருவிச் சத்தம் கேட்டது. தினமும் சாயங்காலம் ரோட்டை மட்டும் மழித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி கோடுகளைப் பார்த்து, டாக்டரும் பார்த்து, ஓட்டலாம் என்றார்கள்.

முதல் நாள் லோரிக்கு முன்னால் போய் நின்றபோது கெலிண்டான் என் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மச்சான், இது மெயின் ரோடா, கம்பத்து மண் ரோடா? டோல் உண்டா?"

விஷயத்தைச் சொல்லிக் கைபேசியைக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு கசிவு, எண் என இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தான். பிறகு ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கதவுச் சத்தம் எனக்கு டாக்டர் கடிதத்தைவிடப் பெரியது.

தைப்பூசத்தன்று அந்த முகத்தோடுதான் காவடி எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பின்னால் பால்குடத்தோடு வந்த ஒருவர் கேட்டேவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. மூஞ்சில இது என்ன வேண்டுதல்?"

நடந்துகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா முந்திக்கொண்டு, "இவருக்கும் அப்படித்தாங்க, தூங்கறப்ப திடீர்னு மூச்சே இருக்காது. நான்தான் தட்டி எழுப்புவேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்று கேட்டார். சந்நிதி வரும் வரை அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே போனேன். என் மனைவி பக்கத்தில் நடந்து வந்தாள். என்னைப் பார்க்காதது போல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காவடி இறக்கி மொட்டை போட்டதும் தாடியோடு ரோடும் போய்விட்டது. இப்போதும் மூவாருக்கும் பாசிர் கூடாங்குக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். காலையில் முதலில் கசிவைத்தான் பார்க்கிறேன், அது சரியாக இருந்தால்தான் எண்ணைப் பார்க்கிறேன். அன்று எடுத்த பை அலமாரி மேலேயே கிடக்கிறது. வேலை கசக்கும் நாட்கள் இப்போதும் உண்டு; அப்போதெல்லாம் அந்தப் பையைப் பார்க்கும் முன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன், எத்தனையோ தடவை ஊரை மாற்றிப் பார்த்தவன் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து கசிவு எங்கே என்று தேடியது அந்த வாசலில்தான் என்பது நினைவுக்கு வரும்.