சட்டையைக் கழற்றாத மனிதர்

என் கணவர் சட்டையைக் கழற்ற மாட்டார். திருத்தணி மலையடிவாரத்தில் எங்களுக்குத் தேங்காய், கற்பூரம் விற்கும் கடை. ஆடிக் கிருத்திகைக்கு வீட்டு ஆண்கள் எல்லாரும் வெற்றுமார்போடு காவடி எடுப்பார்கள். இவர் மட்டும் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நழுவிவிடுவார்.

கலியாணமான புதிதில்தான் காரணம் தெரிந்தது. பெண்களுக்கு இருப்பதுபோல அவருக்கும் மார்பு இருந்தது. எனக்கு அருவருப்பெல்லாம் வரவில்லை. ஏன் இப்படி என்றுதான் மண்டையைக் குடைந்தது. ஆளும் நெட்டை, மீசையும் சரியாக முளைக்கவில்லை.

"வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"ஆங், நீ கேட்டுகினே கீறதுதான் வலிக்குது" என்று சிரித்தார்.

வருஷங்கள் ஓடின, குழந்தை இல்லை. மாமியார் என்னை மலடி என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம், பொதட்டூர்பேட்டையில் தன் மகனுக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டார். நான் நச்சரித்த நச்சரிப்பில்தான் என் கணவர் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டர் அவர் உடம்பை முழுக்கப் பார்த்தார். விந்தை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தும் பார்த்தார்.

"இது பிறவியிலேயே அமைஞ்சது, வாலிபத்துலதான் வெளியில தெரியும். மார்பை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். குழந்தைக்குத்தான் வழியில்லை. உங்க சம்சாரத்துகிட்ட ஒரு குறையும் இல்லை" என்றார்.

பிறவியில் என்றால் எங்கே, எப்படி என்று நான் விடாமல் கேட்டேன். "அது எங்களுக்கே இன்னும் தெரியலைம்மா" என்றார். கருவிலேயே கூடுதலாகச் சேர்ந்துவிடும் ஒரு குரோமோசோம்தான் காரணம் என்று நான் பத்திரிகையில் படித்தது வெகு காலம் கழித்து.

திரும்பும்போது ரயிலில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வர்ற கிருத்திகைக்கு நானும் காவடி எடுப்பேன்" என்றார். நானும் சிரித்தேன். அரக்கோணம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மார்பு தட்டையாகிவிட்டால் டாக்டர் சொன்னதை மாமியார் நம்புவாரா? என் பிள்ளைக்கு என்ன குறை என்றுதான் கேட்பார். எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்த மார்பு. அதை என் கணவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெற்ற தாய்க்கும் காட்டாமல் அவர் காப்பாற்றி வந்த மானம் அது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியார், "பொண்ணு ஊட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. போயி மொகத்த கழுவுடா" என்றார்.

என் கணவர் நகரவில்லை. கூடத்திலேயே நின்று பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை என் கையில் கொடுத்தார்.

"நல்லா பாரும்மா. கொறை எங்கிட்டதான். இத்த அறுக்கறதுக்கு முன்னாடி நீ பாத்துடணும்."