தண்ணீர் செத்துப் போச்சா? பதில் தேடிப் பள்ளிபாளையம் வரை

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூலையில் ஒரு நாள் "நீர் ஆவியாகிறது" என்று பலகையில் எழுதியதும் ரம்யா எழுந்து, "தண்ணி செத்துப் போச்சா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் வாயே திறக்கவில்லை. என் பாடக்குறிப்பில் நோக்கம் என்னவோ வழக்கம்போல, "ஆவியாதலைப் புரிந்துகொள்வர்" என்றுதான் இருந்தது. யார் புரிந்துகொண்டார்களோ!

உறுத்தல் தாங்காமல் குணவதி டீச்சருக்குப் போன் செய்தேன். பயிற்சி வகுப்பில் பழக்கமானவர், பள்ளிபாளையத்தில் அதே ஐந்தாம் வகுப்பு எடுப்பவர். "நாளைக்கு அந்தப் பாடந்தானுங்க, வந்து பாருங்க" என்றார். தற்செயல் விடுப்பு போட்டேன்.

என் வீடு இருக்கும் அஸ்தம்பட்டியில் காலை 6.15க்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. புதிய பேருந்து நிலையத்திலிருந்து 6.50க்கு சங்ககிரி வழியாகப் போகும் ஈரோடு வண்டி. சுமார் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 48 ரூபாய். "தூங்கீராதீங்க, பாலந் தாண்டுனா ஈரோடுங்க" என்று நடத்துநர் எச்சரித்தார். தூங்கத்தான் செய்தேன். பாலத்துக்கு முன்னாலேயே பள்ளிபாளையத்தில் அவரே எழுப்பி இறக்கிவிட்டார், புண்ணியவான். அப்போது மணி 8.35. அங்கிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடை, வழியெல்லாம் தறிச் சத்தம்.

குணவதி டீச்சர் பலகையில் இரண்டு வரி எழுதியிருந்தார். 'தெரிந்துகொள்வது: ஈரம் எங்கே போகிறது?' அதன் கீழே, 'சொல்லப்போவது: எதனால், என்ன ஆனது என்று ஒரு முழு வாக்கியம்.' என் நோட்டில் இரண்டாவது வரி ஒருநாளும் இருந்ததில்லை.

ஈரத்துணியால் பலகையின் ஓரத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். ஈரம் மறைந்தது. "எங்க போச்சு சாமி?"

"காஞ்சு போச்சுங்க!"

"எங்க ஊட்டுல நூல் நனைஞ்சா வெயில்ல போடுவாங்க, காஞ்சிருமுங்க!"

பிறகு 'ஆவி' என்று எழுதி, "இதக் கேட்டா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்றார். "இட்லிச் சட்டிங்க!" "பேய்ங்க!" ஒரு பெண், "மாதா கோயில்ல சாமியார் சொல்ற தூய ஆவிங்க டீச்சர்." எல்லாவற்றையும் எழுதினார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் இட்லிச் சட்டியைச் சுற்றி வட்டம் போட்டு, "இன்னிக்கு நமக்கு இந்த ஆவி" என்றார்.

பின்பெஞ்சில் எனக்குக் கண் கலங்கியது. ரம்யா கேட்டது தப்பே இல்லை. எந்த ஆவி என்று நான்தான் சொல்லவில்லை. மதியம் தன் டப்பாச் சோற்றையும் பாதி எனக்குக் கொடுத்தார் குணவதி. அந்த நன்றிக்கடன் தீராது.

இதுபோல வகுப்பு பார்க்கப் போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பாதிப் பாடத்தில் நுழைந்தால் குழந்தைகள் உங்களைத்தான் பார்ப்பார்கள். தலைமையாசிரியரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். ஆசிரியர் பேசுவதை விடக் குழந்தைகள் பேசுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நானும் இரண்டு வரி எழுதினேன். "ரம்யா, அன்னைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி. நான் சிரிச்சதுதான் தப்பு" என்றேன். தயங்கி எழுந்தாள். "தண்ணி சாகல டீச்சர். வெயிலால ஆவியாகிக் காத்துல இருக்கு." உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். "அப்போ திரும்பி வருமா டீச்சர்?"

அது அடுத்த வாரப் பாடம். அன்றைக்கே நடத்தினேன்.