கடைசியாக வந்து சேர்ந்த முதல் பாடகர்

சென்ற மாதம் ஒரு மதியம், அலுவலக கேன்டீனில் மீன் குழம்புத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார் ஜஸ்டின். உட்கார்ந்தார்... சாப்பிடவில்லை.

"வித்யா, ஒனக்க அந்த ஷீட்ட எனக்கு மெயில் பண்ணித் தருவியா?"

"எந்த ஷீட்?"

"அந்தப் பாட்டுக்காரனுவ ஷீட்டு. எவன் வந்தான், எவன் போனான்னு எழுதி வச்சிருக்கேல்லா... அது."

"எதுக்கு?"

"என்னைத் தூக்கப் போறானுவ."

வேலையிலிருந்து இல்லை. அப்படியென்றால் இவ்வளவு வாடியிருக்க மாட்டார். எங்கள் கம்பெனியின் மியூசிக் பேண்டிலிருந்து!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பட்டியல் வியாதி தெரியும். மளிகைக்குப் பட்டியல், பயணப் பெட்டிக்குப் பட்டியல், யார் கல்யாணத்துக்கு என்ன பரிசு கொடுத்தோம் என்பதற்குப் பட்டியல். படித்தது எலெக்ட்ரானிக்ஸ். பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங். எந்த வெர்ஷனில் என்ன மாறியது, மாறியதால் எது உடைந்தது — இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இப்படிப்பட்ட ஒருத்திக்கு ஒரு ஹெவி மெட்டல் குழு பிடித்துப் போனால் என்ன ஆகும்? ஒரு எக்செல் ஷீட் ஆகும்.

குழுவின் பேர் வேண்டாம். தெரிந்தவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குப் பேரால் பிரயோஜனம் இல்லை. இங்கிலாந்துக்காரர்கள். நான் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்து, இன்றும் தோல் ஜாக்கெட்டும் நரைத்த கூந்தலுமாக மேடை ஏறுகிறவர்கள். இதுவரை பாடகர்கள் மூன்று பேர். டிரம்ஸ் வாசித்து விலகியவர்களை வைத்துத் தனியாக ஒரு கிரிக்கெட் டீமே இறக்கலாம். ஆரம்பத்திலிருந்து மாறாதவர் ஒரே ஒருவர் — கிட்டார் வாசிப்பவர்.

என் ஷீட்டில் வரிக்கு ஓர் ஆல்பம். ஆள் மாறினால் கட்டத்தின் நிறம் மாறும். தள்ளி நின்று பார்த்தால் ஜமக்காளம் மாதிரி இருக்கும். கிட்டார் கட்டங்கள் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம்.

தலையை ஆட்டி ரசிக்கும் ரகம் இல்லை நான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து, இந்த ஆல்பத்துக்கும் முந்தைய ஆல்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். முதல் பாடகருக்குக் கனத்த குரல். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல இருக்கும். இரண்டாமவர் வந்தார், ஓர் ஆல்பம் பாடினார், போய்விட்டார். ஏன் போனார்? அவரைத் தவிர எல்லோரும் அதைப் பற்றிப் பேட்டி கொடுத்திருக்கிறார்கள். மூன்றாமவர் உச்சஸ்தாயி. அவர் வாயைத் திறந்தால்...

"இதென்னடி, குக்கர் நாலு விசில் சேர்ந்தாப்பல அடிக்கறது?" என்பாள் அம்மா.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு ஹெட்போன் வந்து சேர்ந்த கதை இதுதான்.

அம்மா ஒருநாள் ஷீட்டை எட்டிப் பார்த்தாள். பொறுமையாக விளக்கினேன். அவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இருக்கவில்லை.

"நம்ம தெரு பஜனை கோஷ்டியும் இதே கதைதானே. பாடறவா மாறியாச்சு, மிருதங்கம் மாறியாச்சு, ஜால்ராவுக்கு ஆளே இல்லே. ஹார்மோனியம் மாமா மட்டும் அப்படியே இருக்கார், கேட்டியா."

"அவ்வளவு நன்னா வாசிப்பாரோ?"

"நன்னாவாவது! ஹார்மோனியம் அவாத்துதாக்கும்."

ராக் இசையின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாராவது எழுத முடியுமா? அந்த இங்கிலாந்துக் குழுவின் பேரும் கிட்டார்காரர் பேரில்தான் பதிவாகியிருக்கிறதாம். எங்கள் கம்பெனி பேண்டில் ஆம்ப்ளிஃபையர் அனூப்புடையது.

அனூப் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த மலையாளி. நன்றாகவே கிட்டார் வாசிப்பான். ஆனால் பேண்டைத் தொடங்கியது அவன் இல்லை, ஜஸ்டின்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். வீட்டில் தமிழ், ரயிலில் மலையாளம், ஆபீஸில் இங்கிலீஷ், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழு. நான்கு வருடங்களுக்கு முன்பு எச்.ஆர். கதவை ஓயாமல் தட்டி, பழைய கம்ப்யூட்டர்கள் போட்டிருந்த அறையைப் பயிற்சிக்கு வாங்கினார். ஆண்டு விழாவில் சினிமா டான்ஸுக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் மெட்டல் என்று ஒன்று ஒலிக்கிறதென்றால் அது அவரால்தான்.

வாசிப்பதெல்லாம் அந்த இங்கிலாந்துக் குழுவின் பாட்டுதான். சிக்கல் ஒன்றே ஒன்று. அந்த உச்சஸ்தாயி அவருக்கு எட்டாது. போன வருடம் அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். கூட்டத்துக்கும் எட்டவில்லை.

இந்த வருடம் டிரெய்னியாக ரெஜி என்று ஒருவன் வந்தான். யாருடைய பிறந்த நாளுக்கோ கேன்டீனில் பாடச் சொன்னார்கள். அதே பாட்டு, அதே இடம்... சர்ரென்று ஏறிவிட்டான். ஸ்பூன் சத்தம் நின்றது. அனூப் அங்கேயே முடிவு செய்துவிட்டான். இனிமேல் ரெஜி பாடுவான். ஜஸ்டின் 'பேண்ட் மேனேஜர்'.

பேண்ட் மேனேஜர் என்றால் என்ன வேலை? மேடைக்குக் கீழே நின்று தண்ணீர் பாட்டில் கொடுப்பது.

"இந்த வருஷம் வீட்டுல உள்ளவியளையும் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியாச்சு" என்றார் ஜஸ்டின், சோற்றைக் கிளறிக்கொண்டே. "நாலு வயசு மோளு. அப்பா பாடுவேன்னு அவகிட்ட சொல்லி வச்சாச்சு. அவ வந்து நான் தண்ணி குடுக்கியதப் பாக்கணுமா?"

ஷீட்டை அனுப்பினேன். சாயங்காலமே அனூப் வந்து நின்றான்.

"வித்யா, ஆ ஷீட் எனக்கும் ஒண்ணு வேணும்."

அவனுக்கும் அனுப்பினேன். அதே ஷீட்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கான்ஃபரன்ஸ் ரூமில் பஞ்சாயத்து. என் ஜமக்காளம் ப்ரொஜெக்டரில் சுவர் முழுக்க விரிந்திருந்தது. ரெஜி ஓரத்து நாற்காலியில், தன்னைப் பற்றிய பேச்சே இல்லை என்பது போலப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

ஜஸ்டின் எழுந்து சுவரைத் தொட்டார். "இந்தா, மொதல் ஆளப் பாரு. இவன் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்ல. இவன வெளிய அனுப்பினானுவ. அடுத்த ஆல்பம் என்னாச்சு? படுத்துட்டுது!"

"அளியா, அதுக்கும் அடுத்ததைப் பார்." அனூப் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான். அவனுக்கு எல்லோரும் 'அளியா', அதாவது மச்சான். "மூணாமத்தவன் வந்ததும் லோகம் முழுக்க ஹிட். ஆளை மாத்தாம இருந்தா அது வருமோ? இது பெர்சனல் ஒண்ணும் அல்ல, அளியா."

"எனக்கு பெர்சனல்தாம்ல!"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். என் தொழிலில் இது தினசரிக் காட்சி. ஒரே ரிப்போர்ட்டை இரண்டு மேனேஜர்களுக்கு அனுப்பினால், 'நான் அப்போதே சொன்னேனே' என்று இரண்டு பதில் வரும்.

"வித்யா சொல்லட்டே" என்றான் அனூப். "டேட்டா என்ன சொல்லுது?"

"டேட்டா ஒண்ணும் சொல்லலை. நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லிண்டிருக்கேள்."

"டேட்டா எதுக்கு?" ஜஸ்டினுக்குக் குரல் ஏறியது. "ஒரிஜினல் ஒரிஜினல்தான். பின்னால வந்தவன் எவ்வளவு கத்தினாலும் டூப்ளிகேட்டாக்கும்!"

ரெஜியின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

எனக்கு அந்த 'ஒரிஜினல்' என்ற சொல் உறுத்தியது. கேட்டேன். "ஜஸ்டின், இந்தக் குழுவோட கேசட்ல உங்களுக்கு முதல்ல கிடைச்சது எது?"

இந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாங்கள் எல்லோரும் படிக்கிற காலத்தில் இந்தக் குழுவைக் கேட்டது ஸ்டேச்சு ஜங்ஷன் பக்கம் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடையின் புண்ணியத்தில். காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் பாட்டோடு திரும்பக் கிடைக்கும். கடைக்காரரிடம் என்னென்ன ஆல்பம் இருக்கும்? வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களின் பெட்டியில் என்ன வந்ததோ அது. ஓணத்துக்கு ஒருவர் வந்தால் ஓர் ஆல்பம். கிறிஸ்துமஸுக்கு இன்னொருவர் வந்தால் இன்னொன்று. யாருக்கு எப்போது லீவு கிடைத்ததோ, அந்த வரிசையில்தான் அந்த இங்கிலாந்துக் குழுவின் வரலாறு திருவனந்தபுரத்தில் நடந்தது! அட்டைப் படம் கிடையாது. வருஷம் கிடையாது. கடைக்காரரின் கோணல் எழுத்தில் குழுவின் பேர் மட்டும்.

அந்த வரிசையில் எங்கள் ஊருக்கு முதலில் வந்து இறங்கியவர் மூன்றாவது பாடகர். எல்லோருக்கும் கடைசியாக வந்தார் முதல் பாடகர். அவருடைய கேசட் கைக்குக் கிடைத்த அன்று எங்கள் கல்லூரி கேன்டீனில் ஒரே புலம்பல். "பழைய ஆளை மாத்திட்டு யாரோ புதுப் பையனைப் போட்டிருக்கான். தொண்டையே இல்லை. அதுவும் ரெக்கார்டிங் படு மோசம்!"

ஐயோ பாவம். அந்தப் 'புதுப் பையன்'தான் குழுவைத் தொடங்கியவர். ரெக்கார்டிங் மோசமானதற்குக் காரணம், அப்போது அவர்கள் கையில் காசு இல்லை. ஊரில் பிரவுஸிங் சென்டர்கள் வந்த பிறகுதான் இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. தலைகீழாக நின்ற அந்த வரலாற்றை நேராக நிறுத்துவதற்காகத்தான் நான் ஷீட்டே போட்டேன்.

ஜஸ்டின் என் கேள்விக்கு உடனே பதில் சொன்னார். "நீலக் கேசட்டு. வீல்னு கத்துவானே... அது. அதக் கேட்டுத்தான் நான் பாடணும்னே நெனச்சது."

"அது மூணாவது ஆள்."

அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சுவரைப் பார்த்தார். அனூப்பைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்போ நாலு வருஷமா நான் டூப்ளிகேட்டையாக்கும் பாடிட்டுக் கெடந்தேன்?"

முதலில் சிரித்தவன் அனூப். ரெஜி சிரிக்கலாமா கூடாதா என்று தவித்தான். ஜஸ்டினே சிரித்த பிறகு அவனும் சேர்ந்துகொண்டான்.

ஒரிஜினல் என்றால் யார்? முதலில் வந்தவரா? இல்லை. நம் காதுக்கு முதலில் வந்தவர். மற்றவரெல்லாம், குழுவையே பெற்றெடுத்தவராக இருந்தாலும், நமக்கு நடுவில் வந்தவர்தான். பாடகர்களுக்கு மட்டுமா இது? புதிதாக வந்த மேலதிகாரி, புதிதாக மாறிய டாக்டர்... யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டேன். "முதல் ஆளோட பாட்டை எப்பவாவது பாடிப் பார்த்திருக்கேளா?"

இல்லையாம். இந்த ஊரில் யாரும் அதைப் பாடுவதில்லை. தாமதமாக வந்த கேசட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஜஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டு நான்கு வரி பாடினார். மைக் இல்லை, ஒன்றும் இல்லை. தாழ்ந்த குரல்... மேஜை மேல் இருந்த தண்ணீர் கிளாஸ் அதிர்ந்த மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம். அனூப்பின் விரல்கள் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தன.

"அளியா, ஈ சத்தம் இத்தனை நாள் எங்க இருந்தது?"

"சர்ச்சுல. அங்க என்னைக் கீழதான் பாடச் சொல்லுவாவ."

விழாவில் இவர்களுக்கு ஒதுக்கியிருந்தது இரண்டு பாட்டு. ஆளுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. கூட்டத்தை எழுப்பி நிறுத்த வேண்டுமென்பதால் ரெஜி முதலில் பாட வேண்டும் என்றான் அனூப். இன்னொரு சண்டை வரும் என்று நினைத்தேன்.

"மொதல்லயோ கடைசியிலயோ... மேல நிக்கணும். அவ்வளவுதான்" என்றார் ஜஸ்டின்.

போன சனிக்கிழமை விழா. ரெஜி ஏறினான், கத்தினான், கூட்டம் எழுந்து நின்றது. பிறகு விளக்கைக் குறைத்தார்கள். ஜஸ்டின் கறுப்புச் சட்டையில் வந்து, மைக்கை யார் பக்கமும் நீட்டாமல், ஒரு பாட்டு முழுக்கத் தானே பாடினார். முன்வரிசையில் அவர் மகள் நாற்காலி மேல் நின்றிருந்தாள். ரெஜி பாடும்போது இரண்டு காதையும் பொத்தியிருந்தவள், அப்பா பாடும்போது கையை எடுத்துவிட்டாள். பாதிப் பாட்டில் அம்மா தோளில் சாய்ந்து தூங்கியும் போனாள். மெட்டலுக்கு இப்படியும் ஒரு பாராட்டு.

நான்? அசையவில்லை. செருப்பு நுனி மட்டும் இரண்டு மூன்று தடவை... சரி, விடுங்கள்.

கைதட்டல் அடங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் என் தோளைத் தட்டினாள். புது டிரெய்னி. இந்தக் குழுவையும் தெரியாது, எங்கள் பேண்டையும் தெரியாது.

"சேச்சி, ரெண்டாமது பாடின அந்தப் புதிய சேட்டன் ஏது பேட்ச்? முதல் ஆளைக் காட்டிலும் கொள்ளாம் கேட்டோ!" முதலில் பாடியவனைவிட இவர் நன்றாகப் பாடுகிறாராம்.

பிரியாணி வரிசையில் ஜஸ்டினைப் பிடித்துச் சொன்னேன். தோளில் தூங்கும் மகள். கையில் காலித் தட்டு. பின்னால் அனூப்பும் ரெஜியும்.

"புதிய ஆளா? நானா?" மகள் விழித்துவிடாமல் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். "அப்போ அடுத்த வருஷம் பயமில்ல வித்யா. புதுசா வந்தவன உடனே எவனும் தூக்க மாட்டான்லா?"

இப்போது 'பழைய ஆள்' ஆகிவிட்ட ரெஜி மட்டும் சிரிக்கவில்லை.