ரோலின் முதல் துண்டு

ஆரோக்கியசாமி அண்ணன் என் கடைக்குள் வந்ததும் முதலில் பார்த்தது என்னை அல்ல, மெஷின்களை. சென்னீர்குப்பத்தில் இருக்கும் என் கடையில் இரண்டு ஸ்கேனர்கள் உண்டு. ஒன்று கண்ணாடி வைத்த பிளாட்பெட். ஆதார் கார்டு, பட்டா, பழைய போட்டோ, எதை வைத்தாலும் எடுக்கும். மூடியில் விளக்கு இருப்பதால் நெகட்டிவும் எடுக்கும், சுமாராக. இன்னொன்று ஃபிலிமுக்கென்றே செய்த சின்ன மெஷின். புடவைச் சரிகையின் இழையைக்கூடத் தனியாகக் காட்டும். அதன்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, யார் வந்தாலும் ஒரு பிரசங்கம் வைத்துவிடுவேன்.

"பிளாட்பெட்டுல வேணாம் பாய். அது ஜெராக்ஸ் கடைக்கு. அதுல எடுத்தா முடியெல்லாம் கஞ்சியா பூடும்," என்றார். என் பிரசங்கத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

முப்பது வருஷம் ஆவடியிலிருந்து பாடி வரை கல்யாணப் படம் எடுத்தவர். போகஸ் கொஞ்சம் தவறினாலும் அந்தப் படத்தை ஆல்பத்தில் வைக்க மாட்டாராம். ஆல்பத்தோடு நெகட்டிவையும் கல்யாண வீட்டிலேயே கொடுத்துவிடுவாராம். ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் அவ்வளவு அழகாக எடுத்தவர், தன் மனைவி ஞானசௌந்தரியை உட்கார வைத்து ஒரு படம் எடுக்கவில்லை. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் எதிரே இருந்த முகத்தில் கோபப்பட ஒன்றுமே இல்லை.

அந்த அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் எவாஞ்சலின்தான் அவரை அழைத்து வந்திருந்தாள். அவர் மெஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா அழவே இல்லண்ணா. சாப்டுங்கன்னா சாப்டுவாரு, படுங்கன்னா படுப்பாரு. அவரா பசிக்குதுன்னு சொல்லி எட்டு மாசம் ஆவுது."

அவர் நிமிர்ந்தார். "அவ மொகம் ஞாபகத்துக்கு வர்ல பாய். கண்ண மூடுனா ஆஸ்பத்திரி குழாதான் தெரியுது. அதான் ஒரு படம் வேணும்." பூந்தமல்லி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல்தான் சொன்னார்.

ஒரே ஒரு முழு நெகட்டிவ் பட்டை கொண்டுவந்திருந்தார். கோயில் திருவிழாவில் அவரே எடுத்த குரூப் படம், மனைவி மூன்றாவது வரிசையில். ஃபிலிம் மெஷினில் விட்டேன். முகம் கடுகளவில் இருந்தும் கம்மலின் கல்வரை வந்தது. அந்த அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார். நான் பெருமையாகத் திரையைத் திருப்பினேன்.

"ஷார்ப்பா கீது," என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா இது போட்டோவுக்கு நிக்கறவ. அவ இல்ல."

அப்போதுதான் எவாஞ்சலின் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே ஒற்றை ஒற்றையாக வெட்டிய நெகட்டிவ் துண்டுகள், ஐம்பது அறுபது இருக்கும். "அம்மா பீரோவுல இருந்துச்சு," என்றாள்.

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது நான் குப்பையில போட்டதாச்சே."

கேமராவில் மாட்டும்போது ஃபிலிமின் முன்பகுதியில் வெளிச்சம் பட்டுவிடும். அதைத் தள்ளுவதற்குச் சும்மா இரண்டு முறை கிளிக் செய்ய வேண்டும். அவர் வேலைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே மாட்டுவார், கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவும் மாட்டார். வெளிச்சத்தில் பாதி எரிந்த அந்த முதல் துண்டைப் பிறகு வெட்டி எறிந்துவிடுவார், கல்யாண வீட்டில் குறை சொல்லக்கூடாதே. எறிந்ததையெல்லாம் அந்த அம்மா பொறுக்கி வைத்திருக்கிறார்.

என் அருமை மெஷின் அங்கேதான் என் மூக்கை உடைத்தது. குறைந்தது இரண்டு படம் சேர்ந்த பட்டையைத்தான் அது பிடிக்கும். ஒற்றைத் துண்டைத் தள்ளினேன், துப்பியது. மறுபடி தள்ளினேன், மறுபடி துப்பியது. "பிளாட்பெட்தாண்ணே," என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

"வையி பாய்," என்றார்.

துண்டுகள் சுருண்டு கண்ணாடியில் படியவில்லை. ஓரத்தை டேப்பால் ஒட்டி வைத்தேன். வந்ததெல்லாம் மங்கல்தான். குக்கர். எவாஞ்சலினின் ஸ்கூல் பை. புடவையின் முதுகு. "ஃபிலிம வேஸ்ட் பண்ணாதீங்க" என்று மறிப்பது போல நீட்டிய ஒரு கை. அவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்த்தார். ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

இருபதாவதோ என்னவோ, பாதிப் படம் வெள்ளையாக எரிந்து போயிருந்தது. மீதிப் பாதியில் ஞானசௌந்தரி, கையில் கரண்டியோடு. நெற்றியில் வேர்வை, முடி கலைந்திருந்தது. வாய் பேச்சில் திறந்திருக்க, கண் நேராக அவரைப் பார்த்தது.

"இதுக்கு மேல ஷார்ப்பா வராதுண்ணே," என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை. நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சோறு ஆறுது, கேமராவ வச்சிட்டு வாங்கன்றா," என்றார்.

நான் மவுஸைத் தொடவில்லை. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"பசிக்குதும்மா," என்றார்.