அல்ஃபாத்திஹா என்று சொன்னவன்

மைக்கைக் கையில் பிடித்தபடி மச்சான் பதில் சொல்லாமல் நின்ற அந்தப் பத்து விநாடிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நான்கு நாற்காலிகள், ஒரு மேசை, பின்னால் 'இன்றைய சமுதாயத்தில் இஸ்லாத்தின் எதிர்காலம்: பொது விவாதம்' என்று எழுதிய துணி பேனர். மச்சான் என் அக்காவின் கணவர். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர். அப்படிப்பட்டவர் பேசாமல் நின்றதும், மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மைக்கில்தான் ஏதோ கோளாறு என்று பதறி வயரை ஆட்டிப் பார்த்தேன். மைக் செட் என் எலக்ட்ரிக்கல் கடையுடையது. அதில் ஒரு கோளாறும் இல்லை.

கேள்வி கேட்டவர் பக்கத்துக் காலனியில் குடியிருந்த, ஓய்வுபெற்ற ஓர் அரசு அலுவலர். நல்ல மனிதர், கேட்டதிலும் குத்தல் இல்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கலந்து ஆலோசிச்சு முடிவு பண்றது உங்க மார்க்கத்துலயே இருக்கு, ஜனநாயகம் உங்களுக்குப் புதுசு இல்லைன்னு ரொம்ப அழகா சொன்னீங்க. எனக்கு ஒரே ஒரு டவுட். உங்க பள்ளிவாசல் கமிட்டியை எப்படி எலெக்ட் பண்றீங்க? லேடீஸ் ஓட்டு போடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளப் பேனாவோடு காத்திருந்தார். மச்சான் கடைசியில், "இல்ல சார். போடறதில்ல" என்றார். மைக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டக் கூடாத அந்த இடத்தில் யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எங்கோ உலகத்தின் மறுகோடியில் நடந்ததற்கெல்லாம் தாம்பரத்தில் நாங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஊரிலிருந்து சொந்தக்காரர் குடிவர ஏற்பாடாகிவிடும். டிவியைத் திறந்தால் எங்களைப் பற்றித்தான் பேச்சு. இந்த மார்க்கம் இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா என்று எங்களைத் தவிர எல்லோரும் விவாதித்தார்கள். மச்சான் மார்க்கம் படித்த ஆலிமும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. தெளிவாகப் பேசுவார், கோபப்படமாட்டார். அதனால் இப்படிக் கூட்டம் போடுகிறவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் சலிக்காமல் போய் நின்று பதில் சொன்னார்.

அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் மின்சார ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு மேற்குப் பக்கம் இருக்கும் என் கடைக்கு வந்துவிடுவார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார், வயர் பண்டல் மேல்தான் உட்காருவார். இரண்டு டீ வரும். அவர் பேசுவார், நான் பல்பு சோதித்துக்கொண்டே கேட்பேன், நடுவில் கிண்டல் செய்வேன். விவாதம் முடிந்த மறுநாள் வந்தவர் டீயைத் தொடவில்லை. "மாப்ள, அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஊருக்கெல்லாம் மஷூராவைப் பத்தி லெக்சர் அடிக்கிறேன். நம்ம தெருவுல நம்ம யாரைக் கலந்துக்கிறோம்?" என்றார். மஷூரா என்றால் கலந்தாலோசனை. "நல்லா பேசறவங்களைக் கலந்துக்கிறதில்ல மச்சான்" என்றேன் நான். வழக்கமாகச் சிரிப்பவர் அன்று சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் எண்ணிக்கை ஆள் கணக்கில் இல்லை, தலைக்கட்டுக் கணக்கில். ஒரு வீடு என்றால் ஒரு தலைக்கட்டு. அந்த வீட்டு ஆண் பிள்ளைதான் பட்டியலில் இருப்பார், பொதுக்குழுவுக்கு வருவார். அவர் மவுத்தாகிவிட்டால் மகன் பெயர் ஏறும். மகன் இல்லாத வீடு பட்டியலிலிருந்து இறங்கிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, யாரும் யோசித்துப் பார்க்காமல் செய்துவந்தது. எங்கள் தெருவிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைத்த ஓர் அம்மா இருந்தார். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வெளியூரில் மாப்பிள்ளை பேசி முடித்தபோது, நிக்காஹ்வுக்கு எங்கள் ஜமாஅத் தர வேண்டிய கடிதத்துக்காக அந்த அம்மா மூன்று வாரம் அலைந்தார். கேட்டு வாங்க ஆண் துணை இல்லை என்பதுதான் காரணம். கடைசியில் மச்சான் போய் நின்றதும் ஐந்து நிமிடத்தில் கடிதம் கிடைத்தது. அந்த ஐந்து நிமிடம் அவரை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அவருக்கும் ஒரே மகள்தான். "நான் போயிட்டா உங்க அக்கா வீடே லிஸ்ட்ல காணாமப் போயிடும் மாப்ள. ஆளு இருப்பா, வீடு இருக்காது" என்றார். பெண்கள் மட்டும் இருக்கும் வீடும் ஒரு தலைக்கட்டு, அந்தப் பெண்ணும் பொதுக்குழுவில் உட்கார்ந்து பேசலாம், ஓட்டு போடலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். ஜமாஅத் செயலாளர் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும், மைக் செட் சொந்தமாக இருக்கிறது என்ற இரண்டே தகுதியில் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அஜெண்டாவில் 'இதர விஷயங்கள்' என்ற வரிக்குக் கீழே அவர் பெயரை எழுதிக்கொண்டேன்.

ஜமாஅத் தலைவர் மரம் விற்கும் தன் மரவாடிக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார். பழைய மெட்ராஸ்காரர், தெருவில் மழைத்தண்ணீர் புகுந்த வருஷம் இந்து வீடு முஸ்லிம் வீடு பார்க்காமல் எல்லோருக்கும் பள்ளிவாசல் மாடியைத் திறந்துவிட்டவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. "இன்னா தம்பி, உங்க மச்சான் இன்னா சொல்லிகினு கீறாரு? வெளிய நம்மள இன்னா கண்ணால பாக்குறானுங்கன்னு தெரியாதா அவருக்கு? இப்ப போயி நாமளே அடிச்சிக்கினா அவனுக்குக் கொண்டாட்டமா பூடும். நாளு கொஞ்சம் அமைதியாவட்டும்" என்றார். மச்சானிடம் வந்து சொன்னேன். "நாளு எப்ப மாப்ள அமைதியாகும்? நம்ம அத்தா காலத்துலயும் இதையேதான் சொன்னாங்க" என்றார். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான், கடைசியாகப் பேசியவர் சொன்னது சரி.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்தது என்பதற்கு யாராவது 'அல்ஃபாத்திஹா' என்று சொல்வார். உடனே எல்லோரும் கையேந்தி, குர்ஆனின் அந்த முதல் அத்தியாயத்தை மனதுக்குள் ஓதி, முகத்தில் கையைத் தடவிக்கொள்வார்கள். அதோடு கூட்டம் கலையும். அதற்குப் பிறகு பேசுவது அநாகரிகம் மட்டுமல்ல, யாருக்கும் பேசத் தோன்றாது. ஓதிய வாய் சண்டைக்குப் போகாது. பாகப்பிரிவினைச் சண்டைகள் எத்தனையோ அந்த ஒரு சொல்லில் அடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, மதரஸா மாடியில் பொதுக்குழு. எழுபது எண்பது பேர். தலைவர் பெயரை ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், ஏழாவது முறையாக அவரே தலைவரானார். பிறகு மச்சான் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். முதல் வாக்கியம்தான் படித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பொம்பளைங்களைக் கொண்டாந்து இங்க உக்கார வெக்கப் போறீங்களா?" என்றார். இன்னொருவர், "மேடையில பேசிப் பேசிப் பழகிட்டாரு, நாமதான் கெடைச்சோம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள், ஓர் இளைஞன் பாதி எழுந்தான். மச்சான் அசையவில்லை, சத்தம் அடங்கட்டும் என்று வகுப்பில் நிற்பது போல் நின்றார். தலைவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. என் கை மைக்கை இழுத்துக்கொண்டது. "அல்ஃபாத்திஹா" என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. மச்சானை அவமானத்திலிருந்து காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சத்தத்துக்குப் பயந்தேன், அவ்வளவுதான். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. மச்சான் என்னைப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவரும் கையேந்தினார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அவர் தொழுகையாளி, அந்தச் சொல்லுக்கு அவரால் வேறு என்ன செய்ய முடியும்? அது தெரிந்துதான் அதைச் சொன்னேன். பிறகு சமோசா வந்தது, டீ வந்தது. மச்சானும் ஒரு சமோசா எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு வந்தார். ஸலாம் சொன்னேன், பதில் சொன்னார். "கடை எப்படிப் போகுது?" என்பார், "போகுது மச்சான்" என்பேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். முதல் வாரம் முழுக்கப் பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லி, ஒன்றை ஆறவிட்டேன். சாயங்காலம் ரயில் வந்து கூட்டம் பாலத்திலிருந்து இறங்கும்போது கடையிலிருந்து பார்ப்பேன். எதிர்ப்பக்கமாக நடந்து போவார், கையில் பை, வேறு யாரும் கூட இல்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்கும் பேச என்னை விட்டால் வேறு ஆள் இருந்ததில்லை. எனக்கும்தான். கடை நிறைய ஆட்கள் வந்து போவார்கள், சுவிட்சு கேட்பார்கள், ஃபேன் கேட்பார்கள். ஒருவரும் வயர் பண்டல் மேல் உட்காரமாட்டார்கள்.

வெளிக்கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை, சொல்லப்போனால் அதிகமானது. பொதுக்குழுவில் நடந்தது எப்படியோ வெளியே கசிந்து, 'சீர்திருத்தவாதி' என்று அவருக்குப் பட்டம் கட்டத் துடித்தார்கள். ஒரு நாள் பள்ளிவாசல் வாசலிலேயே இருவர் வந்து அழைத்தார்கள். உங்கள் சமூகம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று நீங்களே வந்து சொன்னால் எடுபடும் என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே மச்சான் சொன்னது என் காதில் விழுந்தது: "என் ஜமாஅத்துல நின்னு பேச முடியாததை உங்க மேடையில வந்து பேசினா, அது கோள் சொல்றது சார். நான் வரலை." அதோடு அவர்களும் விட்டுவிட்டார்கள். ஜமாஅத்தில் அவரை வெளியாளாகப் பார்த்தார்கள், வெளியே உதவாத ஆளாகப் பார்த்தார்கள். கல்லூரி, ரயில், தொழுகை, வீடு என்று ஆறு வருஷம் போனது. ஒரு விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன்.

கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவை முடித்து அக்கா வெளியே வந்தது போன வாரம். வந்த முதல் இடம் என் கடை. நாற்காலி போட்டேன், உட்கார்ந்தாள். "பக்கத்து வீட்டுக்கெல்லாம் பொதுக்குழு நோட்டீஸ் வந்திருக்கு. எனக்கு வரலியே தம்பி?" என்றாள். புதுப் பட்டியலை எழுதியவன் நான்தான். மச்சான் பெயருக்கு நேராக, மகன் இல்லை என்பதால், வழக்கம்போல ஒரு கோடு போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். "இதைத்தானே அவங்க அன்னைக்கிப் பேசப் போனாங்க? நேரம் முடிஞ்சிடுச்சு, பேச முடியலைன்னு வந்து சொன்னாங்க" என்றாள்.

நேரம் முடிந்துவிட்டது. ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், நேரத்தை முடித்தவன் உன் தம்பிதான் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. பெருநாளைக்குப் பெருநாள் அந்த வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன், அவரே எனக்குப் பரிமாறியிருக்கிறார். இப்போதும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். மற்றவர்களுக்கு அது வழக்கமான ஃபாத்திஹாதான், அவளிடம் சொல்ல ஆளில்லை. "நேரம் முடியலை அக்கா. நான்தான் அல்ஃபாத்திஹா சொன்னேன்" என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "ஏன் என் தம்பி கடைக்குப் போறதே இல்லைன்னு அவங்களைக் கேப்பேன். படி ஏற முட்டி வலிக்குதும்பாங்க. உன் கடைக்கு ஏதுடா படி? ரோட்டோட ரோடா இருக்கு. ஏதோ நடந்திருக்குன்னு அப்பவே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அவங்களும் அப்படித்தான் இருந்திருப்பாங்க." சொல்லிவிட்டுக் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நோட்டீஸ் எழுது" என்றாள். 'மறைந்த' என்று ஆரம்பித்து மச்சான் பெயரை எழுதினேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவங்க பேரு. என் பேரை எழுது" என்றாள். வேறு தாள் எடுத்து எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெண் பெயருக்கு நான் எழுதிய முதல் நோட்டீஸ் அது. தலைவரைக் கேட்கவில்லை.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா வரப் போகிறாள், தையல்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு. சத்தம் வரும், பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்வார். அத்தனை பேரும் கையேந்துவார்கள். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், நான் ஏந்தப் போவதில்லை. அவள் பேசி முடிக்கிறவரை மைக்கை அவள் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பேன். நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன்.